அசபையும் தியானமும்: திருவாரூர் உணர்த்தும் யோகநெறி

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் திருவாரூரில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

     

யோகத்தில் தியானத்திற்குரிய இடம் யாது, அந்நெறியின் தொன்மை எத்தகையது என்னும் பொருள்பற்றிச் சில மொழிகள் கூறுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். இப்பொருள் இன்று வெறும் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ளப்பட்டதன்று. சங்கக் கட்டிடத்தின் மேல்மாடிக் கூடத்தைத் தியானப் பயிற்சிக்கென ஒதுக்குதல் வேண்டும் என்னும் யோசனை நிருவாகக் குழுவின்முன் இருக்கின்றது. அதுபற்றி அங்கத்தினரிடையே மூன்று வினாக்கள் எழுந்துள்ளன. 'தியானம் துறவிகளுக்குரிய வழியாயிற்றே. ஏரை நம்பி வாழும் இல்லறத்தாராகிய நமக்கு அஃது எதற்கு?' என்பது ஒன்று. 'இது நம்முடைய பண்டைப் பொருள்தானா, அன்றி இக்காலத்திற் கிளம்பிய புது ஆடம்பரமா?' என்பது இரண்டு. 'கூடம் அமைப்பதாயின் அது நம் குலத்தார்க்கு மட்டுமா, ஊரார் யாவர்க்குமா?' என்பது மூன்று. மூன்றாவது வினாவில் பேச்சுச் சற்றே சூடேறிற்று என்பதை நீங்கள் அறிவீர்கள். இம்மூன்றுக்கும் விடை இவ்வூரின் வழிபாட்டிலும் வரலாற்றிலுமே பொதிந்து கிடக்கின்றது என்பது என் துணிபு.

யோகத்தின் எட்டு உறுப்புக்கள்

யோகம் என்னும் வடசொல், பூட்டுதல், இணைத்தல் என்னும் பொருளுடைய 'யுஜ்' என்னும் தாதுவினின்று பிறந்தது. வடமொழியில் நுகத்தடிக்கு வழங்கும் 'யுகம்' என்னும் சொல்லும் அத்தாதுவினின்றே வந்ததாகும். ஆகவே, எருதுகளை நுகத்திற் பூட்டிப் பழகிய குடியினர்க்கு இச்சொல் அயலானதன்று. திமிறித் திரியும் காளையை வசமாக்கி ஒரு சாலிலே நடத்துவது உழவு. திமிறித் திரியும் மனத்தை வசமாக்கி ஒரு பொருளிலே நிறுத்துவது யோகம்.

பதஞ்சலி முனிவர் இயற்றிய யோக சூத்திரம் நான்கு பாதங்களும் ஏறத்தாழ 195 சூத்திரங்களும் உடைய சிறு நூல். அது யோகத்திற்கு எட்டு உறுப்புக்களை வகுக்கின்றது: இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன அவை. இவற்றுள் ஆசனத்தின் இலக்கணத்தை நேரே கூறும் சூத்திரங்கள் மூன்றே. அவையும் தலைகீழாக நிற்றலையோ உடலை வில்லென வளைத்தலையோ பேசுவன அல்ல. அசைவின்றியும் இன்பமாகவும் அமர்ந்திருக்கும் நிலையே ஆசனம் என்ற அளவோடு அமைகின்றன. இன்று உலகெங்கும் யோகம் என்ற பெயரால் விளம்பரமாவது பெரும்பாலும் இம்மூன்றாவது உறுப்பு ஒன்றேயாகும். உடற்பயிற்சி நன்றே; அதனை யான் இகழவில்லை. ஆயினும், வாயிற்படியையே வீடென்று கொண்டு அங்கேயே நின்றுவிடுவார் உளரானால் அவர்க்கு உள்ளே அறைகள் இருப்பதைச் சொல்லுதல் கடமையன்றோ?

எட்டு உறுப்புக்களின் தொடர்பை நம் வயலிலே வைத்துக் காண்போம். நீர் பாய்ச்சுமுன் வரப்பை அணைத்துக் கட்டுகின்றோம். வரப்பில் நண்டுவளை ஒன்று இருந்தாலும் இரவோடிரவாக நீர் வடிந்துவிடும். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை முதலிய இயமமும், தூய்மை, மனநிறைவு முதலிய நியமமும் அவ்வரப்புப் போல்வன. பின்னர்ப் பரம்படித்து நிலத்தை மட்டமாக்குகின்றோம், அது ஆசனம். மடையைத் திறந்து வரத்தை அளவாக்குகின்றோம். அது மூச்சை ஒழுங்குபடுத்தும் பிராணாயாமம். பக்கத்து வாய்க்கால்களை அடைக்கின்றோம். அது புலன்களை வெளியே ஓடவிடாது மீட்கும் பிரத்தியாகாரம். ஒரே வயலுக்கு நீரைத் திருப்புகின்றோம். அது மனத்தை ஓரிடத்தே கட்டும் தாரணை. திருப்பிய நீர் அறுபடாது ஒரே ஒழுக்காகப் பாய்கின்றது, அதுவே தியானம். பாய்ந்த நீர் நிலமெங்கும் பரந்து, சலனமின்றி நின்று, வானத்தைத் தன்னுள்ளே காட்டுகின்றது, அது சமாதி.

இதனால் தியானத்தின் இடம் விளங்கும். முன்னுள்ள ஆறு உறுப்புக்களும் அதன்பொருட்டே செய்யப்படும் ஆயத்தம். பின்னுள்ள சமாதி அதன் விளைவு. தாரணையும் தியானமும் வேறு வேறு வேலைகள் அல்ல. நினைவு அறுந்து அறுந்து கூடுங்கால் தாரணை. அறாது ஒழுகுங்கால் தியானம். 'எனக்கு மனம் நிற்கவில்லை. ஆகவே தியானம் எனக்கு வாராது' என்று கைவிடுவோர் இதனை ஓர்தல் வேண்டும். ஓடிய மனத்தை ஓடியதென்று கண்டு திரும்பக் கொணரும் ஒவ்வொரு முறையும் தாரணை நிகழ்கின்றது. வயலுக்கு நீர் திருப்புகின்றவன் ஒரு மடை உடைந்ததென்று உழவையே விட்டுவிடுவதில்லை. மண்வெட்டியை எடுத்து மடையை அடைக்கின்றான்.

தொன்மை: அறிந்தனவும் அறியாதனவும்

இனி, இந்நெறியின் பழமையைக் காண்போம். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். தத்தம் குலத்தின் முன்னோரே யோகத்தைக் கண்டுபிடித்தனர் என்று நிலைநாட்ட முயலும் நூல்கள் நம் நாட்டிற் பலவுண்டு. பெருமை பேசும் ஆசை இயல்பேயாயினும், சான்றில்லாத பெருமை கடன்வாங்கிய நகையை ஒக்கும். உடையவன் வந்து கேட்கும்போது வெட்கமே மிஞ்சும்.

சிந்துவெளியின் மொகஞ்சதாரோவிற் கிடைத்த முத்திரை ஒன்றில், கொம்புடைய தலையணி தரித்து, கால்களை மடக்கி அமர்ந்த உருவம் ஒன்று காணப்படுகின்றது. விலங்குகள் அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. 1931-ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் சர் ஜான் மார்ஷல் அதனைச் சிவபெருமானின் முன்னை வடிவம் எனவும், யோக இருக்கை எனவும் கருதினார். முத்திரை நாலாயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட பழமையுடையது. ஆனால் அதன்மேலுள்ள எழுத்து இன்றளவும் ஐயமறப் படிக்கப்படவில்லை. எனவே அறிஞர் பலர் மார்ஷலின் கருத்தை ஏற்பதில்லை. அதனை யோகத்தின் பிறப்புச் சான்றிதழாகக் காட்டுதல் முறையாகாது.

ஐயத்திற்கு இடமின்றித் தியானநெறி பேசப்படுவது உபநிடதங்களிலே. கடோபநிடதம் உடலைத் தேராகவும் புலன்களைக் குதிரைகளாகவும் உருவகித்து, புலன்களை அசையாது நிறுத்துதலே யோகம் என்று வரையறுக்கின்றது. சுவேதாசுவதர உபநிடதம் அமரும் இடம், நிமிர்ந்த உடல், அடங்கிய மூச்சு ஆகியவற்றை விளக்குகின்றது. இவையெல்லாம் கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பது பெரும்பாலோர் கொள்கை. கௌதம புத்தர் ஞானம் பெறுமுன் ஆலார காலாமர், உத்தக ராமபுத்திரர் என்னும் ஆசிரியர் இருவரிடம் தியானம் பயின்றார் எனப் பாலி நூல்கள் கூறுகின்றன. ஆகவே, புத்தர் காலத்திலேயே கற்பிக்கப்பெறும் அளவிற்குத் தியானம் முதிர்ந்த கலையாயிருந்தது. சமண தீர்த்தங்கரர்களும் தியான வடிவிலேயே காட்டப்படுகின்றனர். பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம் தியான யோகத்தைப் பற்றியது. இவ்வாறு பல ஓடைகளாக வந்த நீரைத் தொகுத்து ஏரியாக்கினவரே பதஞ்சலியார். அவர் காலத்தைக் கிறித்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டு முதல் கிறித்துவுக்குப் பின் ஐந்தாம் நூற்றாண்டு வரையில் அறிஞர் பலவாறு குறிப்பர். தில்லையில் ஆனந்தத் தாண்டவம் கண்ட பதஞ்சலி முனிவரை நாம் வணங்குவது தலபுராண மரபு. அம்மரபும் நூலாராய்ச்சியும் தனித்தனி அளவைகள். ஒன்றை மற்றொன்றால் அளக்க வேண்டுவதில்லை.

'தியானம்' என்னும் சொல் பாலியில் 'ஜான' என்றாகி, சீனத்திற் 'சான்' என்றும், சப்பானில் 'சென்' என்றும் வழங்கிற்று. சீனத்துக்கு இந்நெறியைக் கொண்டு சென்றவராகப் போற்றப்பெறும் போதிதருமர் காஞ்சியிலிருந்து சென்றவர் என்பது ஒரு மரபு. ஒரு வைதிகரும் ஒரு பௌத்தரும் ஒரு சமணரும் ஒரே வகையில் நிமிர்ந்தமர்ந்து ஒரே மூச்சைக் கவனித்தனர். அங்ஙனமாயின் இதனை யார் தனியுடைமை என்பது?

சோழநாட்டிலே

இக்கேள்விக்கு விடையை நம் நாட்டுக்குள்ளேயே தேடுவோம். காவிரி வளநாட்டில் நெற்பயிரோடு தியானமும் விளைந்தது. இவ்வூருக்குக் கிழக்கே நாகப்பட்டினத்தில், முதலாம் இராசராசன் காலத்தில், 1006-ஆம் ஆண்டளவில், கடல்கடந்த ஸ்ரீவிசய அரசன் எடுப்பித்த சூடாமணி விகாரம் இருந்தது. சிவபாதசேகரன் எனப் பெயர்பெற்ற சோழன் அவ்விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே பள்ளிச்சந்தமாக அளித்தான். சோழநாட்டுச் சிற்றூர்களின் வயல்வெளிகளிலும் குளக்கரைகளிலும் தியானக் கோலத்துப் புத்தர் சிலைகள் இன்றும் காணப்படுகின்றன. தீபங்குடியிலும் மன்னார்குடியிலும் சமணர் கோயில்கள் வழிபாட்டில் உள்ளன. குணங்குடி மஸ்தான் சாகிபு யோகப் பொருள்களைத் தமிழ்ப் பாடல்களாக வழங்கினார். சிவாலயந்தோறும் தென்புறத்து மாடத்தில் தக்கிணாமூர்த்தி கல்லால மரத்தின் கீழமர்ந்து சொல்லாமற் சொல்கின்றார். நம் மாவட்டத்து ஆலங்குடியில் அவருக்குச் செய்யும் வழிபாட்டுக்கு எங்கெங்கிருந்தோ மக்கள் வருகின்றனர். வியாழக்கிழமையில் விளக்கேற்றிச் செல்கின்றோம். ஆனால் அவர் மௌனத்தையும் சின்முத்திரையையும் கண்டு, 'இவர் நம்மை என்ன செய்யச் சொல்கின்றார்?' என்று கேட்பவர் நம்முள் எத்துணைப் பேர்?

தமிழில் யோகநூல் என்றால் முன்னிற்பது திருமந்திரம். ஒன்பது தந்திரங்களும் மூவாயிரத்திற்கு மேற்பட்ட பாடல்களும் உடையதாய், பத்தாந் திருமுறையாய் விளங்குவது. அதன் மூன்றாந் தந்திரம் எட்டுறுப்பு யோகத்தை விரித்துரைப்பது. அதனை அருளிய திருமூலர் வரலாற்றைப் பெரியபுராணத்திற் காண்க. கயிலையினின்று தென்னாடு வந்த சிவயோகியார் ஒருவர், காவிரிக்கரையில் சாத்தனூர் அருகே, மூலன் என்னும் இடையன் மாண்டு கிடப்பதையும் பசுக்கள் அவனைச் சூழ்ந்து கதறுவதையும் கண்டார். பசுக்களின் துயர் தீர அவ்விடையன் உடலிற் புகுந்தார். பசுக்களை வீடு சேர்த்துவிட்டு மீண்டபோது தம் பழைய உடல் காணப்படவில்லை. எனவே அவ்விடையன் உடலோடே திருவாவடுதுறையில் அரசமரத்தடியில் யோகத்தமர்ந்து நூல் செய்தார் என்பது வரலாறு.

அன்பர்களே! இவ்வரலாற்றின் உட்பொருளைச் சற்றே எண்ணுங்கள். தமிழின் தலைசிறந்த யோகநூல் வெளிப்படுவதற்கு இறைவன் அரண்மனை உடலையோ வேள்விச்சாலை உடலையோ தேர்ந்தானல்லன். மாடு மேய்த்த உடலையே தேர்ந்தான். யோகத்திற் புகுவதற்குக் காரணமாயிருந்ததும் வாயில்லாப் பிராணிகளிடத்து எழுந்த இரக்கமே.

அசபை என்னும் திருவாரூர்ப் பாடம்

இப்போது இவ்வூர்க்கு வருவோம். உடலின் ஆறு ஆதாரங்களுக்கும் ஆறு தலங்களை நம் முன்னோர் வைத்தெண்ணினர். திருவாரூர் மூலாதாரம், திருவானைக்கா சுவாதிட்டானம், திருவண்ணாமலை மணிபூரகம், தில்லை அநாகதம், திருக்காளத்தி விசுத்தி, காசி ஆஞ்ஞை. மூலாதாரம் என்பது வேர். யோகப் பயணம் தொடங்கும் இடம் அதுவே. உலகத்தார் யோகத்தைத் தேடி எங்கெங்கோ செல்ல, வேர் நிற்கும் ஊரிலே பிறந்த நாம் அதனை மறந்திருத்தல் வியப்பே.

ஏழுவிடங்கத் தலங்களில் இவ்வூர்த் தியாகேசப் பெருமான் வீதிவிடங்கர். அவரது நடனம் அசபா நடனம். திருமால் பாற்கடலிற் பள்ளிகொண்டு சோமாஸ்கந்த மூர்த்தியைத் தம் நெஞ்சிலே தாங்கி வழிபட்டார். அவர் மூச்சு ஏறுந்தோறும் இறங்குந்தோறும் பெருமானும் ஏறி இறங்கி ஆடினார். பின்னர் அம்மூர்த்தி இந்திரன் வழியாக முசுகுந்தச் சோழனுக்குக் கிடைத்து ஆரூரை அடைந்தார் என்பது தலவரலாறு. 'அசபை' என்பதற்கு வாயால் செபிக்கப்படாத செபம் என்பது பொருள். உள்ளே செல்லும் மூச்சும் வெளியே வரும் மூச்சும் தாமே எழுப்பும் ஒலியே அம்மந்திரம். உறங்கும்போதும் உழும்போதும் அது நிற்பதில்லை.

ஒரு நாளில் மனிதன் 21,600 முறை சுவாசிக்கின்றான் என்பது யோக நூல்களின் கணக்கு. இதனை வகுத்துப் பாருங்கள்: ஒரு நாளுக்கு 1,440 நிமிடம், எனவே நிமிடத்திற்கு 15 மூச்சு. ஓய்ந்திருக்கும் வளர்ந்த மனிதர்க்கு நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை மூச்சு இயல்பென இன்றைய மருத்துவம் கூறுகின்றது. கடிகாரமில்லாக் காலத்தார் எத்துணை உன்னிப்பாகத் தம் மூச்சைக் கவனித்திருக்க வேண்டும்!

அசபா நடனத்தின் தத்துவம் இதுவே: தியானத்திற்கு வேண்டிய கருவியை இறைவன் ஒவ்வொருவர்க்கும் பிறப்பிலேயே கொடுத்துவிட்டான். அதற்கு விலையில்லை, அதனை வைத்திருப்பதற்குச் சாதியில்லை. செல்வனுக்கு நல்ல மூச்சும் ஏழைக்கு மட்டமான மூச்சும் அளந்து கொடுக்கப்படவில்லை. நாம் செய்ய வேண்டுவது அதனைக் கவனிப்பது ஒன்றே. தியாகேசர் திருமேனி மலராலும் ஆடையாலும் மறைக்கப்பெற்றிருக்க, திருமுகம் மட்டுமே காட்சி தருதலும், நடனம் கண்ணாற் காண்பதற்கன்று, உள்ளே உணர்தற்குரியது என்பதைக் குறிப்பதாகவே யான் கொள்கின்றேன்.

இத்திருக்கோயிலிலேயே கமலாம்பிகை தனிச் சந்நிதியில் கால்களை மடக்கி யோக இருக்கையில் எழுந்தருளியிருக்கின்றாள். யோகம் ஆடவர்க்கே உரியது என்பார், அன்னையின் திருமுன் நின்று அவ்வாறு சொல்லத் துணிவரோ? இவ்வூரிற் பிறந்து 1835-ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், அவ்வன்னையின்மீது பாடிய நவாவரணக் கீர்த்தனைகளைத் தோடி இராகத்தில் அமைந்த தியானக் கீர்த்தனையோடே தொடங்கினார். அவர் இல்லறத்தார் என்பதையும் நினைவிற் கொள்க.

மண்வெட்டி பிடித்த தியானம்

'உழவனுக்குத் தியானம் எதற்கு?' என்ற முதல் வினாவிற்கு இவ்வூர்த் தண்டியடிகள் விடை தருகின்றார். அவர் பிறவியிற் கண்ணிலாதவர். கமலாலயக் குளம் தூர்ந்து சுருங்கக் கண்டு, அதாவது கேட்டறிந்து, தாமே தோண்டத் துணிந்தார். குளத்தினுள்ளே ஒரு கோலும் கரையிலே ஒரு கோலும் நட்டு, இடையே கயிறு கட்டி, கயிற்றைத் தடவி இறங்கி மண்ணை வெட்டி, கயிற்றைத் தடவி ஏறிக் கொட்டினார். வாய் திருவைந்தெழுத்தை ஓதிற்று. கை கயிற்றைப் பற்றிற்று. எள்ளினாரும் தடுத்தாரும் இருந்தனர், அவர் நிறுத்தவில்லை. இதனினும் சிறந்த தியானப் படிமம் வேறு எந்நூலில் உண்டு? இரு கோலுக்கிடையே கட்டிய கயிறு போன்றது மூச்சு. கண்ணிருந்தும் காணாத மனம் அதனைப் பற்றிக்கொண்டு இறங்கி ஏறி, தூர்ந்துபோன நெஞ்சத்தைத் தூர்வாருதல் வேண்டும். இன்று ஒரு கூடை, நாளை ஒரு கூடை, அவ்வளவே.

நம்முடைய இல்லறத்தார்க்கு நெஞ்சைத் தூர்க்கும் மண் குறைவா? மேட்டூர் நீர் வருமோ வாராதோ என்னும் ஏக்கம், அறுவடைக் காலத்து அடைமழை, கடன். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வீசிய கஜா புயலில் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைப் பகுதிகளில் தலைமுறையாக வளர்த்த தென்னைகள் ஓரிரவிற் சாய்ந்தன. அப்பொழுது சிலர் குடியிற் புகுந்தனர். சிலர் வாய்பேசாது அமர்ந்துவிட்டனர். தியானம் சாய்ந்த தென்னையை நிமிர்த்தாது, கடனைத் தீர்க்காது, நிவாரணத்திற்கு ஈடாகாது. அவ்வாறு சொல்வது ஏமாற்று. ஆனால், கலங்கிய மனம் மேலும் தவறான முடிவில் விழாதவாறு ஒரு நொடி தாங்கி நிறுத்தும் பழக்கத்தை அது தரும். அந்த ஒரு நொடியில் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கும்.

இக்காலத்து அறிவும் எச்சரிக்கையும்

சுவாமி விவேகானந்தர் 1893-இல் சிகாகோவில் முழங்கி, 1896-இல் இராஜயோகம் என்னும் நூலை வெளியிட்டபின் மேனாட்டார் கவனம் இத்திசையில் திரும்பிற்று. பத்தமடையிற் பிறந்து மலேயாவில் மருத்துவராயிருந்த சுவாமி சிவானந்தர் 1936-இல் ரிஷிகேசத்தில் தெய்விக வாழ்க்கைச் சங்கம் கண்டார். ஐக்கிய நாடுகள் சபை 2014-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, 2015 முதல் ஜூன் 21-ஆம் நாள் உலக யோகா நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

மருத்துவ ஆராய்ச்சியும் இதிற் புகுந்தது. அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975-இல் வெளியிட்ட நூலில், தியானத்தின்போது மூச்சும் நாடியும் தணிந்து உடல் ஓய்வுநிலையை எய்துவதை விளக்கினார். 2014-இல் வெளிவந்த தொகுப்பாராய்ச்சி ஒன்று 47 சோதனைகளையும் 3,515 மக்களையும் ஆராய்ந்து, மனக்கவலை, மனச்சோர்வு, உடல்நோவு ஆகியவை தியானத்தால் ஓரளவு தணிகின்றன என்றது. ஆனால், மருந்து, உடற்பயிற்சி முதலிய பிற சிகிச்சைகளைக் காட்டிலும் அது மேலானதென்பதற்குச் சான்றில்லை என்றும் அதுவே கூறிற்று. எனவே, நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் உண்ணும் மருந்தை நிறுத்திவிட்டுக் கண்மூடி அமருங்கள் என்பாரை நம்பாதீர்கள். கடுமையான மனநோயுடையார் மருத்துவர் ஆலோசனையின்றி நெடுநேரத் தியானத்தில் ஈடுபடலாகாது. மூச்சை வலிந்து அடக்குதலை நூல் பார்த்தோ கைப்பேசி பார்த்தோ செய்யலாகாது. பெருந்தொகை கேட்பவரையும், இரகசியம் காக்கச் சொல்பவரையும், குடும்பத்தினின்று பிரிப்பவரையும் குருவென்று கொள்ளாதீர்கள்.

செய்முறை எளிது. விடியற்காலையிலோ விளக்கேற்றும் வேளையிலோ, பாயிலோ நாற்காலியிலோ முதுகு நிமிர்ந்து அமர்க. மூச்சை நீட்டவும் வேண்டா, குறுக்கவும் வேண்டா; அது போவதையும் வருவதையும் மட்டும் காண்க. மனம் ஓடினால் கோபமின்றித் திருப்புக. முதலிற் பத்து நிமிடம் போதும், பின் இருபதாகட்டும். மனம் விரும்பும் எப்பொருளையும் தியானத்திற்குக் கொள்ளலாம் எனப் பதஞ்சலியாரே இடந்தருகின்றார். ஆகவே ஐந்தெழுத்தோ, எட்டெழுத்தோ, வேறு சமயத்தார் தம் இறைவன் திருப்பெயரோ, வெறும் மூச்சோ, அவரவர்க்கு இயைந்தது அமையும்.

மூன்றாவது வினா

இறுதியாக, கூடம் யாருக்கு என்ற வினா. இதற்கு விடையும் இவ்வூரிலேயே நிகழ்ந்தது. நமிநந்தியடிகள் ஏமப்பேறூரினர், ஆரூர்த் திருக்கோயிலில் நீரால் விளக்கெரித்தவர். பெருமான் திருமணலிக்கு எழுந்தருளிய விழாவில் எல்லாக் குலத்தாரோடும் கலந்து சென்று மீண்டவர், தீட்டுப்பட்டதெனக் கருதி, குளித்தன்றி இல்லினுட் புகேன் என்று புறத்தே நின்றார். அயர்ந்து உறங்கியபோது இறைவன் கனவில் தோன்றி, ஆரூரிற் பிறந்தார் யாவரும் தம் கணங்களே என்றருளினார். மறுநாள் ஊருட் புகுந்தவர் எதிர்ப்பட்டோர் அனைவரையும் சிவவடிவாகவே கண்டார் எனச் சேக்கிழார் பாடுகின்றார். நீரை நெய்யாக்கும் அருள்பெற்றவர்க்கே இந்த ஒரு பாடம் மிச்சமிருந்தது! நமக்கு அது மிச்சமில்லை என்று கூறலாமோ?

சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகை பாடியதும் இத்திருக்கோயிலின் தேவாசிரிய மண்டபத்தின் முன்னரே. அறுபது தனியடியாரையும் ஒன்பது தொகையடியாரையும் அதில் வணங்கினார். குயவர், வண்ணார், பரதவர், வேடர், பாணர், புலையர் ஆகிய குடிகளிற் பிறந்த அடியார்கள் அரசர்களோடும் அந்தணர்களோடும் ஒரே வரிசையில் வருகின்றனர். ஆழித்தேரின் வடம் பிடிக்க வந்தவனை எத்தெருவினன் என்று கேட்டுக்கொண்டிருந்தால் தேர் நிலைக்கு வருமா?

'நம் குலத்தார் பொருளால் எழுந்த கட்டிடத்தைப் பிறர்க்கு ஏன் திறப்பது?' என்று சிலர் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. பொருள் தந்தவர்க்கு உரிமை உண்டு. கல்வி நிதியும் திருமண மண்டபமும் அங்கத்தினர் நலத்திற்கென்றே இருக்கட்டும். அவற்றைப்பற்றி இன்று யான் பேசவில்லை. ஆனால், தியானக்கூடத்திற் பங்கிடப்படுவது மூச்சு ஒன்றே. அடுத்தவன் அமர்ந்து சுவாசிப்பதால் நம் மூச்சுக் குறைவதில்லை. குலப்பெயரை வாயிலில் எழுதி உள்ளே அமர்ந்து, 'யான், எனது' என்னும் எண்ணம் தணிவதற்குப் பயில்வது, மடையை அடைத்துவிட்டுப் பயிருக்கு நீர் எதிர்பார்ப்பதை ஒக்கும். இயமம் என்னும் வரப்பே அங்கு உடைந்துவிடுகின்றது. பின் தியானம் எங்கே நிற்கும்?

ஆகவே நிருவாகக் குழுவினர்க்கு யான் பணிவுடன் விண்ணப்பிப்பன இவை: கூடம் காலை ஒரு மணியும் மாலை ஒரு மணியும் திறந்திருக்கட்டும். கட்டணம் வேண்டா. பெண்களுக்கு ஆடவரோடொத்த உரிமை இருக்கட்டும். அவர்களுக்கு ஏற்ற நேரத்தை அவர்களே குறிக்கட்டும். எவ்வூரினர், எக்குலத்தினர், எச்சமயத்தினர் வரினும் வாயிலில் வினவப்பட வேண்டா. செருப்பைக் கழற்றிவைத்து அமைதியாயிருத்தல் ஒன்றே நிபந்தனையாகட்டும். திறப்புவிழாவிற்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைப் பாய்கள் வாங்கவும், முதியோர்க்கு நாற்காலி வாங்கவும் செலவிடுக. கூடத்தில் நம் குலத்துப் பெரியோர் படத்தை மாட்ட விரும்பினால் மாட்டுக. அதனருகே மூலன் என்னும் இடையனின் உடலில் இருந்து யோகம் உரைத்த திருமூலர் படமும் இருக்கட்டும்.

அன்பர்களே! நம் முன்னோர் யோகத்தில் எவ்வளவு பழையவர் என்று உலகிற்கு நிலைநாட்டுதல் எளிதன்று. அது நம் கையிலும் இல்லை. நாளை வைகறையிற் பத்து நிமிடம் அமர்ந்து மூச்சைக் காண்பது நம் கையிலேயே இருக்கின்றது. அவ்வாறு அமர்பவனே அப்பழமையின் உண்மையான வாரிசு. அவன் எக்குடியிற் பிறந்தவனாயினும் ஆகுக. தியாகேசப் பெருமானும் யோக இருக்கையில் வீற்றிருக்கும் கமலாம்பிகையும் நம் சங்கத்தார்க்கும் இவ்வூரார் அனைவர்க்கும் அமைதியருள்வாராக.